மூடிக்காரர் வீட்டு வண்டி

அந்தத் தெருவில் எந்த வீட்டில் பாட்டில் மூடி திறக்காமல் அடம்பிடித்தாலும் மூடிக்காரரிடம்தான் கொண்டுவருவார்கள். அவர் வீட்டுப் பாட்டில்களை அவரைத் தவிர வேறு யாராலும் திறக்க முடியாது என்பது வேறு விஷயம். சர்க்கரை டப்பாவோ, மருந்துக் குப்பியோ, தண்ணீர்க் குழாயோ, மற்றவர்கள் மூடி முடித்த பிறகு அவர் போய் இன்னும் ஒரு திருகு திருகி வைப்பார். வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் சிலர் குழாயோடு மல்லுக்கட்டித் தோற்று, கை கழுவாமலே வந்து உட்கார்ந்து, ஒன்றும் நடக்காததுபோல் பேசிக்கொண்டிருந்ததுண்டு.

தொழில் அப்படி. ஜாம் தொழிற்சாலையில் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை அவருக்கு ஒரே வேலைதான். மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வரிசையாக நகர்ந்து போகிற கண்ணாடி ஜாடிகளில் அவ்வப்போது ஒன்றை எடுத்துக் காதருகே வைத்துத் திறப்பார். உள்ளே காற்று இல்லாமல் இறுக மூடியிருந்தால், திறந்ததும் வெளிக்காற்று உள்ளே பாயும். 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் கேட்கும். சத்தம் நீளமாக வந்தால் நல்ல மூடி. குட்டையாக வந்தால் சந்தேகம். சத்தமே வராவிட்டால் கையை உயர்த்தி வரிசை முழுவதையும் நிறுத்திவிடுவார். மேலாளரே வந்து தலைகீழாக நின்றாலும் அசையமாட்டார். ஓட்டை என்று எதைப் பார்த்தாலும் அவருக்குக் கை பரபரக்கும். சுவரில் ஆணி பிடுங்கிய துளையைக்கூட அன்றைக்கே அடைத்தால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும்.

வாயும் அப்படியே. 'சரி', 'பாக்கலாம்', 'பரவாயில்ல விடு' ஆகிய மூன்றை வைத்துக்கொண்டே ஒரு மனிதர் கல்யாணம் செய்து, பெண்ணை வளர்த்து, அவளுக்குக் கல்யாணமும் செய்து வைத்துவிட்டார் என்றால் சாமர்த்தியம்தான். மற்ற பேச்செல்லாம் அவர் மனைவியின் பொறுப்பு. அந்த அம்மா பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஓய்வு பெற்ற பிறகும் தெருவுக்கே நர்ஸம்மாதான்.

அந்த வீட்டில் இருந்த காரும் நர்ஸம்மாவுடையதுதான். வெண்ணெய் நிறத்தில், முன்பக்கம் உருண்டு திரண்டு, பழைய காலத்துக் கார். ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு டாக்டர் வெளியூர் போகும்போது விற்றதை, கல்யாணத்துக்கு முன்பே தன் சம்பாத்தியத்தில் வாங்கியிருந்தார். மூடிக்காரருக்கு இடது கண்ணில் பிறவியிலிருந்தே பார்வை மங்கல், ஓட்டுநர் உரிமம் கிடைக்காது. ஆகவே அந்த வீட்டில் மனைவி ஓட்டுவார், கணவர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாக் கதவும் சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார். வண்டியைத் துடைப்பது, எண்ணெய் பார்ப்பது, பெட்ரோல் ஊற்றுவது எல்லாம் அவர் பாடு. இருவருக்கும் அந்த ஏற்பாடு பிடித்திருந்தது.

அந்த ரயில்வே கேட் விஷயம் நடக்கும்வரை அப்படித்தான் இருந்தது.

மகளுக்கு அப்போது பால் பற்கள் விழுகிற வயது. மூடிக்காரரின் அக்கா வந்து தங்கியிருந்தார். அவரை ஊருக்குக் கொண்டுபோய் விடுவதற்காகக் காலையிலேயே கழுத்துவரை பெட்ரோல் நிரப்பிக்கொண்டு கிளம்பினார்கள். நகரத்தைத் தாண்டி, வயல்களைத் தாண்டி வண்டி நன்றாகத்தான் போயிற்று. ரயில்வே கேட் திறந்திருந்தது. நர்ஸம்மா வேகத்தைக் குறைத்து ஏறினார். வண்டி இரண்டு தடவை இருமியது. சரியாகத் தண்டவாளத்தின் மேல் வந்ததும் நின்றுவிட்டது. நர்ஸம்மா சாவியைத் திருப்பத் திருப்ப அது முனகியதே தவிர உயிர் வரவில்லை. கேட்காரர் கத்திக்கொண்டே ஓடி வந்தார். பின்னால் நின்ற வண்டிகளிலிருந்து ஆட்கள் இறங்கித் தள்ளினார்கள். அக்கா பின்சீட்டில் அலறினார், குழந்தையும் சேர்ந்து அலறியது. ரயில் வர இன்னும் நேரம் இருந்தது என்பது அப்புறம்தான் தெரியும்.

ஓரமாகத் தள்ளி நிறுத்திய பிறகு கேட்டை மூடினார்கள். நீளமான சரக்கு ரயில் தடதடவென்று போய்க்கொண்டேயிருந்தது. கூட நின்ற டாக்சிக்காரர் ஒருவர், பெட்ரோல் இருக்கிறதா பாருங்கள் என்று சைகை காட்டினார். மூடிக்காரர் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். தாராளமாக இருந்தது. மூடிவிட்டு வந்தார். டாக்சிக்காரர் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு வண்டி கிளம்பியது.

"வண்டி தங்கமா இருக்கு சார். அம்மா பயத்துல கிளட்ச்சை விட்டுட்டாங்க, அவ்வளவுதான்" என்றார் டாக்சிக்காரர். தன் டாக்சியைக் கேட்டருகே நிறுத்திவிட்டு, அவரே இந்த வண்டியை ஓட்டி எல்லோரையும் வீட்டில் கொண்டுவந்து விட்டார். வழியில் வண்டி ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. ஆகவே குற்றம் யாருடையது என்பது ஐயத்துக்கு இடமில்லாமல் முடிவாகிவிட்டது. நர்ஸம்மா ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். மூடிக்காரர் அவர் தோளைத் தட்டி, "பரவாயில்ல விடு" என்றார்.

அதற்குப் பிறகு நர்ஸம்மா அந்த வண்டியில் ஓட்டுநர் பக்கம் உட்காரவேயில்லை. அடுத்த வருஷம் ஆஸ்பத்திரியில் அவருக்கு நல்ல வேலை ஒன்று வந்தது. சுற்றியிருக்கிற கிராமங்களுக்கெல்லாம் தானே வண்டி ஓட்டிப் போய், பிள்ளை பெற்றவர்களையும் படுக்கையில் கிடப்பவர்களையும் வீட்டிலேயே பார்க்கிற வேலை. அவர் ஆசைப்பட்ட வேலையும் அதுதான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஓய்வு பெறும்வரை அதே வார்டில், அதே படிக்கட்டில் ஏறி இறங்கினார். மூடிக்காரரின் அக்கா அவருக்குக் 'கிளட்ச்' என்று பெயர் வைத்தார். குடும்பத்தில் எந்த விசேஷம் நடந்தாலும் அந்தக் கதை ஒரு சுற்று வரும். அக்கா நடித்தே காட்டுவார். எல்லோரும் சிரிப்பார்கள். நர்ஸம்மாவும் சிரித்துவிட்டு, தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

மூடிக்காரர் மட்டும் சிரிக்கமாட்டார். தன் பிள்ளையைத் தண்டவாளத்தில் கொண்டுபோய் நிறுத்திய மனைவியிடம் ஒரு நாள், ஒரு பொழுதுகூட அதை அவர் சொல்லிக் காட்டியதில்லை. அதில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது. வேறு எவனாவது இருந்திருந்தால் தெரிந்திருக்கும் என்று சவரம் செய்யும்போது கண்ணாடியைப் பார்த்து நினைத்துக்கொள்வார்.

வண்டி கொல்லைப்புறத் தகரக் கொட்டகையில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மூடிக்காரர் அதைத் துடைத்து, ஸ்டார்ட் செய்து, கொஞ்ச நேரம் உறுமவிட்டு அணைப்பார். எப்போதாவது கேனில் பெட்ரோல் வாங்கி வந்து ஊற்றுவார். வண்டி ஒரு நாளும் மக்கர் செய்ததில்லை. கடைசி ஒன்றிரண்டு வருஷத்தில்தான் அவருக்கு முழங்கால் வலி வந்து, ஞாயிற்றுக்கிழமைகள் மாதங்களாகி, வண்டி ஒரேயடியாகப் படுத்துவிட்டது. கொட்டகையும் ஒழுக ஆரம்பித்தது.

நர்ஸம்மாவின் தம்பிக்குப் பழைய வண்டி என்றால் உயிர். வருகிறபோதெல்லாம் கொட்டகையைக் குட்டி போட்ட பூனைபோல் சுற்றிச் சுற்றி வருவார். இந்தத் தடவை கேட்டேவிட்டார். "எடுத்துட்டுப் போ" என்று நர்ஸம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அப்புறம் கணவரிடம் மட்டும் சொன்னார்.

"ஓடுற நிலைமையில குடுத்துடுங்க. இல்லேன்னா அதையும் என் கணக்குலதான் எழுதுவாங்க."

மெக்கானிக் வந்தார். வாயில் எப்போதும் ஒரு தீக்குச்சியைக் கடித்துக்கொண்டிருக்கிற, யாரைப் பார்த்தாலும் பாடம் நடத்துகிற ஆள். கேள்வியும் அவரே கேட்பார், பதிலும் அவரே சொல்லிவிடுவார். மூடிக்காரருக்கு அது வசதியாக இருந்தது.

"கடைசியா எப்ப சார் ரோட்டுல ஓடுச்சு? ரொம்ப நாளாச்சு, இல்ல? பாத்தாலே தெரியுது."

"வாராவாரம் ஸ்டார்ட் பண்ணுவேன்" என்றார் மூடிக்காரர்.

"எவ்வளவு நேரம்? அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம், அவ்வளவுதானே. அது தூங்குறவனை எழுப்பி, நல்லா தூங்குறியான்னு கேக்குற மாதிரி சார். இன்ஜின் முழுசா சூடாகுறதுக்குள்ள அணைச்சா, உள்ள ஈரம் அப்படியே தங்கிடும். பாருங்க." சைலன்சரைத் தட்டிக் காட்டினார். அடியில் பொலபொலவென்று துரு உதிர்ந்தது. "ஸ்டார்ட் பண்ணா ஓட்டணும். ஓட்டலேன்னா சும்மா விட்டுடணும். நடுவுல நின்னா ரெண்டுக்கும் கேடு."

மூடிக்காரருக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் பார்த்துப் பார்த்துச் செய்ததை ஒருவர் வந்து இரண்டு தட்டில் உதிர்த்துவிட்டார். ஆனாலும் கோபப்படவில்லை. எல்லாம் தெரிந்தவர் போலத் தலையாட்டிவைத்தார்.

வேலை சில நாள் நடந்தது. பாட்டரி செத்தே போயிருந்தது, புதிது போட்டார்கள். தொட்டியிலிருந்த பெட்ரோலை வடித்தபோது வார்னிஷ் மாதிரி நாறியது. கார்பரேட்டரைக் கழற்றினால் அடியில் பழுப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டிக்கிடந்தது. அதை ஊறவைத்து, ஊசியால் துளைகளைக் குத்தி, ஊதிச் சுத்தம் செய்தார் மெக்கானிக். ரப்பர் குழாய்கள் கை பட்டதும் விரிசல் விட்டன. பிரேக் பிடித்தபடியே இறுகிப்போயிருந்தது. சக்கரத்தைச் சுத்தியலால் தட்டித் தட்டி விடுவித்தார். ஒவ்வொன்றையும் கழற்றும்போது "இது சரியா இருக்கா? இல்ல" என்று அவரே தீர்ப்பு எழுதிக்கொண்டார். நர்ஸம்மா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, கொட்டகைக்குள் தலையைக்கூட நீட்டாமல் திரும்பிப் போவார்.

வியாழக்கிழமை பிற்பகல் கழுத்துவரை புதுப் பெட்ரோல் நிரப்பினார்கள். முதல் திருப்பிலேயே வண்டி உயிர் பெற்றது. கொட்டகை முழுவதும் வெள்ளைப் புகை. மூடிக்காரருக்குக் கண் கலங்கியது புகையால் மட்டுமல்ல.

"வாங்க சார், ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்" என்றார் மெக்கானிக்.

நகரத்துக்கு வெளியே, இரண்டு பக்கமும் காலி மனைகள் இருக்கிற நீண்ட சாலைக்குப் போனார்கள். வண்டி வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி போயிற்று. மெக்கானிக் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு, இந்தக் காலத்து வண்டிகளைத் திட்டித் தீர்த்தார். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டும்போது வண்டி இரண்டு தடவை இருமியது. அப்புறம் நின்றுவிட்டது.

அந்த இருமல் மூடிக்காரருக்கு எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. எங்கே என்று பிடிபடவில்லை.

மெக்கானிக் இறங்கி பானெட்டைத் தூக்கினார். "தீப்பொறி வருதா? வருது. அப்போ பெட்ரோல்தான் வரல." கார்பரேட்டரைத் திறந்தார். உள்ளே காய்ந்து கிடந்தது. "பம்ப்பு நான் பாத்துப் போட்டது. அப்போ குழாய்ல அடைப்பு. சார், நான் இங்க குழாயைக் கழட்டி வாயால ஊதுறேன். நீங்க பின்னாடி போய் பெட்ரோல் மூடியைத் திறந்து வச்சுக்கிட்டு, உள்ள குமிழி வர்ற சத்தம் கேக்குதான்னு சொல்லுங்க."

மூடிக்காரர் பின்னால் போனார். சாலையில் ஒரு வண்டி இல்லை. காற்றுகூட இல்லை. மூடியைப் பிடித்துத் திருகினார்.

ஸ்ஸ்ஸ் என்று நீளமாக, விடாமல் வந்தது.

ஆயுள் முழுவதும் அவர் காதை வைத்துக் கேட்ட சத்தம் அது. ஜாம் ஜாடியாக இருந்திருந்தால், இதைவிட நல்ல மூடி உலகத்தில் கிடையாது என்று தட்டிக்கொடுத்து அனுப்பியிருப்பார். கையில் மூடியோடு அப்படியே நின்றார். பிறகு மெதுவாக அதைத் திருப்பிப் பார்த்தார். நடுவில், குண்டூசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை இருந்த இடத்தில், சிவப்பாக ஒரு பொட்டு அரக்கு. விளிம்பைச் சுற்றிக் கச்சிதமாக ஒரு ரப்பர் வளையம். அந்தக் கச்சிதம் யாருடையது என்று அவர் யாரையும் கேட்கவேண்டியிருக்கவில்லை.

அக்காவை ஊருக்குக் கொண்டுபோய் விடுவதற்கு முதல் நாள் சாயங்காலம். பெட்ரோல் வாடையில் பிள்ளை போன தடவை வாந்தி எடுத்தாள், ஏதாவது செய்யுங்கள் என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். வாடை எங்கிருந்து வருகிறது என்று மோப்பம் பிடித்துப் போனவர் மூடியில் ஒரு ஓட்டையைப் பார்த்தார். ஓட்டையைப் பார்த்தால் அவர் சும்மா இருப்பாரா? தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த அரக்கை உருக்கி ஒரு சொட்டு விட்டார், விளிம்பில் ஒரு ரப்பர் வளையத்தையும் மாட்டினார். பிறகு அதை மறந்தும் போனார். பெட்ரோல் தீரத் தீர அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போகவேண்டும், அதற்காகத்தான் அந்தத் துளை என்று அவருக்குத் தோன்றவேயில்லை. காற்று போகாவிட்டால் தொட்டி பெட்ரோலை விடாமல் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கொஞ்ச தூரம் ஓடியதும் வண்டி மூச்சுத் திணறி நின்றுவிடும். மூடியை ஒரு தடவை திறந்து காற்று உள்ளே போய்விட்டால் மறுபடியும் கொஞ்ச தூரம் ஓடும், அன்றைக்கு வீடு வந்து சேர்ந்தது அப்படித்தான். கொட்டகையில் சில நிமிஷம் உறுமுவதற்கு அந்த அளவு பெட்ரோல் செலவாகாது, அடுத்த ஞாயிறுக்குள் மெல்லக் காற்றும் கசிந்து சரியாகிவிடும், அதனால் அங்கே ஒரு நாளும் நிற்கவில்லை.

அன்றைக்குக் கேட்டருகே மூடியைத் திறந்ததும் அவர்தான். அப்போதும் இந்தச் சத்தம் வந்திருக்கும். பக்கத்தில் சரக்கு ரயில் போய்க்கொண்டிருந்தது.

"குமிழி வருதா சார்?" என்று முன்னாலிருந்து மெக்கானிக் கத்தினார்.

"வருது" என்றார் மூடிக்காரர். உள்ளே நன்றாகத்தான் குமிழி விட்டது.

"அடைப்பு எடுத்தாச்சு. வாயால ஊதினாதான் இதெல்லாம் சரிப்படும். மிஷின் கொண்டு ஊதுறானுங்க இப்ப."

மூடிக்காரர் கட்டைவிரல் நகத்தால் அரக்கைச் சுரண்டி எடுத்தார். வளையத்தையும் உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மூடியைப் போட்டுத் திருகினார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கூடுதல் திருகைத் திருகவில்லை. வண்டி கிளம்பியது. மெக்கானிக் வேண்டுமென்றே இன்னும் நெடுந்தூரம் ஓட்டிப் பார்த்தார். எங்கேயும் நிற்கவில்லை. வழி முழுக்க அவர் தன் நுரையீரலின் பெருமையைச் சொல்லிக்கொண்டு வந்தார்.

வீட்டு வாசலில் இறங்கியபோது மூடிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. நாளைக் காலையில் மைத்துனர் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். வண்டி நன்றாக ஓடும். மெக்கானிக்குக்குப் பெயர் கிடைக்கும். யாரும் எதையும் கேட்கப்போவதில்லை. காதும் காதும் வைத்தாற்போல் எல்லாம் முடிந்துவிடும். வாயை மூடிக்கொண்டிருப்பது ஒன்றுதான் அவர் செய்யவேண்டியது. அதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

நர்ஸம்மா கூடத்தில் உட்கார்ந்து துவைத்த போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக் கை. மூலைகள் கத்தி மாதிரி நிற்கும். மூடிக்காரர் எதிரே வந்து உட்கார்ந்தார். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். திரும்ப வந்து உட்கார்ந்தார்.

"என்ன, ஓடலையா?" என்றார் நர்ஸம்மா.

"ஓடுச்சு. நல்லா ஓடுச்சு."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

மூடிக்காரர் சட்டைப்பையிலிருந்து ரப்பர் வளையத்தை எடுத்துப் போர்வை மேல் வைத்தார். "அன்னைக்கு ரயில்வே கேட்டுல வண்டி நின்னுச்சே."

"அதை எதுக்கு இப்ப எடுக்கறீங்க?"

"அது நீ பண்ணதில்ல. நான் பண்ணது."

பிறகு சொன்னார். அவர் சேர்ந்தாற்போல அவ்வளவு பேசி அந்த வீட்டுச் சுவர்கள் கேட்டதில்லை. வாடை, துளை, அரக்கு, சரக்கு ரயில், இன்றைக்குக் கேட்ட சத்தம் எல்லாவற்றையும் சொன்னார். மெக்கானிக்குக்குத் தெரியாது என்பதையும் சொன்னார். நர்ஸம்மா மடித்த போர்வையை மடியிலேயே வைத்துக்கொண்டு கேட்டார். முடித்ததும் திட்டு விழும் என்று காத்திருந்தார் மூடிக்காரர். விழவில்லை.

"நான் சொன்னேனே" என்றார் நர்ஸம்மா.

"என்ன சொன்னே?"

"கிளட்ச்சை விடலைன்னு. கால் அழுத்தினபடியேதான் இருந்துச்சுன்னு. கேட்டுல சொன்னேன். வழியெல்லாம் சொன்னேன். வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூங்கவச்சுட்டு உங்ககிட்ட மறுபடியும் சொன்னேன். நீங்க என்ன சொன்னீங்க?"

மூடிக்காரருக்கு அது நினைவு வர நேரம் ஆகவில்லை. சொல்லத்தான் நேரம் ஆயிற்று. "பரவாயில்ல விடுன்னு சொன்னேன்."

"அரக்கு வச்சதுக்கு உங்க மேல எனக்கு ஒரு கோபமும் இல்லை. பிள்ளைக்காக வச்சீங்க. உங்க கை அப்படி, ஓட்டையைப் பாத்தா நிக்காது. ஆனா அந்தப் பரவாயில்ல இருக்கே." நர்ஸம்மா போர்வையைக் கீழே வைத்தார். "அவங்க சிரிச்சாக்கூட நான் தாங்கிக்கிட்டேன். நீங்க பெருந்தன்மையா மன்னிச்சீங்க பாருங்க, அதுலதான் நான் தோத்துட்டேன். கொஞ்ச நாள் போனதும் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. என் கால் எங்க இருந்துச்சுன்னு எனக்கே தெரியாமப் போச்சு. அந்தக் கிராமத்து வேலை வந்தப்போ, என் காலையே நம்ப முடியாதவ ஊரான் பிள்ளைங்க உயிரை எப்படி நம்பி எடுத்துட்டுப் போறதுன்னுதான் வேண்டாம்னேன்."

அந்த வேலையை மனைவி ஏன் விட்டார் என்று மூடிக்காரர் கேட்டதேயில்லை. அலைச்சலாக இருக்கும் என்று அவரே ஒரு காரணத்தை வைத்துக்கொண்டு அதோடு நிம்மதியாக இருந்துவிட்டார். மன்னித்த பெருமையில் எத்தனை வருஷம் சவரம் செய்துகொண்டாயிற்று என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. அழுதுவிடலாம் என்றால் அதுவும் வரவில்லை.

"நான் இப்ப என்ன செய்யணும்?" என்று கேட்டார்.

"போனை எடுங்க. நான்தான் விட்டேன்னு ஊரெல்லாம் தெரியுமில்ல. நீங்கதான் அடைச்சீங்கன்னும் தெரியட்டும். உங்க வாயாலயே சொல்லுங்க."

முதலில் மகளிடம் சொன்னார். "அப்பா, நான் லைசென்ஸ் எடுத்ததுலேருந்து அம்மாவைப் பின்சீட்லதான் உட்கார வைக்கறேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

மைத்துனர் எடுத்த எடுப்பிலேயே, "வண்டி ரெடியா மாமா?" என்றார்.

"ரெடி. ஆனா வண்டி உனக்குக் கிடையாது" என்றார் மூடிக்காரர். மனைவியைக் கேட்காமலே சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். நர்ஸம்மா மறுக்கவில்லை. காரணத்தைச் சொன்னதும் மைத்துனர் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "நானும்தான் மாமா சிரிச்சேன்" என்று மட்டும் சொன்னார்.

கடைசியாக அக்கா. இதற்குத்தான் மூடிக்காரர் உதட்டை நனைத்துக்கொண்டார். அக்காவுக்கு வயதாகிவிட்டது என்றாலும் குரலுக்கு ஆகவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே சிரிப்பு.

"நல்ல கூத்து. சரி விடுடா, எந்தக் காலத்துக் கதை. இப்பப் போய் அதை ஏன் கிளறிக்கிட்டு. அவதான் எதையும் மனசுல வச்சுக்கமாட்டாளே."

"வச்சிருந்திருக்கா, அக்கா" என்றார் மூடிக்காரர். "அவ அன்னைக்கே சொன்னா. உன்கிட்டயும் சொன்னா, என்கிட்டயும் சொன்னா. அந்த டாக்சிக்காரன் யாரு எவன்னு தெரியாது, அவன் சொன்னதை நம்பினோம். கூட இருக்கறவ சொன்னதை நம்பல. இனிமே அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடாதே. முந்தி மாதிரி சிரிக்காம உட்கார்ந்திருக்கமாட்டேன், எந்திரிச்சுப் போயிடுவேன்."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. அக்காவின் வாயை யாராவது அடைத்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். "அவளைப் பேசச் சொல்லு" என்றார். நர்ஸம்மா கையை அசைத்து, இன்றைக்கு வேண்டாம் என்றார்.

மூடிக்காரர் போனை வைத்தார். வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. இருவரும் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸம்மா ஒரு போர்வையை எடுத்தார், மடிக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டார். அந்த மௌனத்தில் மூடிக்காரருக்கு எப்போதும் வருகிற நிம்மதி வரவில்லை. மனைவி பேசாமல் இருப்பது அவருக்குப் பயமாக இருந்தது.

"அன்னைக்கு நீ வேற என்னவெல்லாம் சொன்னே?" என்று கேட்டார்.

நர்ஸம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். உண்மையாகத்தான் கேட்கிறாரா என்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, காலையில் பெட்ரோல் நிரப்பிய இடத்திலிருந்து சொல்லத் தொடங்கினார்.